பாயிண்டைக் கழற்றும் முன்: பழைய காருக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன்

பழைய அம்பாசிடரோ பத்மினியோ வைத்திருப்பவருக்கு யாராவது ஒருவர் இந்த யோசனையைச் சொல்லாமல் விடமாட்டார்: "பாயிண்டைத் தூக்கிப் போட்டுட்டு எலக்ட்ரானிக் போடுங்க, எல்லாம் சரியாயிரும்." பாயிண்டைத் தூக்கிப் போடலாம். ஆனால் எல்லாம் சரியாகாது. எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் என்பது வண்டியில் ஒரே ஒரு சுவிட்சைத்தான், அதாவது பாயிண்டைத்தான், மாற்றுகிறது. அந்தச் சுவிட்சால் வந்த தொல்லை தீரும். காயில், பிளக் ஒயர், கேப், எர்த், கார்பரேட்டர் ஆகியவற்றால் வந்த தொல்லை புதுக் கிட்டோடும் தொடரும். அந்தச் சுவிட்ச் என்ன செய்கிறது என்று புரிந்துவிட்டால் எந்தக் கிட் வாங்குவது, எதை முதலில் பார்ப்பது என்பதெல்லாம் தானாகத் தெளியும்.

பொறி எங்கிருந்து வருகிறது

பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். சிலிண்டருக்குள் அழுந்திக் கிடக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவையைத் தாண்டி பிளக் நுனியில் பொறி குதிக்க அதைப்போல ஆயிரம் மடங்கு வேண்டும். இந்த வேலையைக் காயில் செய்கிறது. அதனுள் இரும்புக் கருவின் மேல் இரண்டு சுற்றுகள் உண்டு. சற்றுத் தடித்த கம்பியில் சில நூறு சுற்றுகள் கொண்டது பிரைமரி. மெல்லிய கம்பியில் பல ஆயிரம் சுற்றுகள் கொண்டது செகண்டரி. பொறியைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் மூடும்போது பிரைமரியில் கரண்ட் ஓடி, காயிலில் காந்தப்புலம் ஏறுகிறது. பாயிண்ட் திறந்ததும் கரண்ட் அறுந்து, காந்தப்புலம் சரிகிறது. தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது குழாயைச் சட்டென்று அடைத்தால் பைப் முழுவதும் அதிருமே, அதே கதைதான். ஓட்டத்தைத் திடீரென்று நிறுத்துவதால் பிரைமரியிலேயே சில நூறு வோல்ட் எழும்புகிறது. செகண்டரியில் அது 20,000 வோல்ட்டையும் தாண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர் அதை வாங்கி, அதன் மூடியான கேப்பில் எந்தச் சிலிண்டரின் முறையோ அந்த ஒயருக்கு அனுப்புகிறது. 1910-களின் தொடக்கத்தில் காடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங் கொண்டுவந்த ஏற்பாடு இது. கடைசி பத்மினி வரை அடிப்படை மாறவில்லை.

பொறி விழுவது பாயிண்ட் மூடும்போது அல்ல, திறக்கும்போது. எவ்வளவு பளிச்சென்று திறக்கிறதோ அவ்வளவு வலுவான பொறி. திறக்கும் இடத்திலேயே சின்னப் பொறி பறந்து கரண்ட் இழுபட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பக்கத்தில் இருக்கும் கண்டன்சரின் வேலை. அதன் அளவு 0.2 மைக்ரோஃபாரட் சுற்றுவட்டாரம்.

வேகத்தையும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு சிலிண்டர் எஞ்சின் 3000 ஆர்.பி.எம்.மில் ஓடினால் நிமிடத்துக்கு 6000 பொறி, அதாவது நொடிக்கு 100. ஒரு பொறிக்கும் அடுத்த பொறிக்கும் நடுவே 10 மில்லி நொடிதான் இருக்கிறது. அதற்குள் பாயிண்ட் மூடி, காயில் நிரம்பி, மறுபடி திறக்க வேண்டும். மூடியிருக்கும் நேரத்தை டிகிரியில் சொல்வதுதான் டுவெல். அம்பாசிடரில் வரும் லூகாஸ் 25டி4 போன்ற டிஸ்ட்ரிபியூட்டரில் அது சுமார் 60 டிகிரி. ஒரு சிலிண்டருக்குரிய 90 டிகிரியில் மூன்றில் இரண்டு பங்கு.

பாயிண்ட் ஏன் படுத்துகிறது

பாயிண்டின் ஒரு கை, டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்டின் மேடான பகுதியான கேம் மேல் உரசிக்கொண்டே ஓடும். உரசும் ஹீல் தேயத் தேய பாயிண்ட் இடைவெளி குறையும். லூகாஸ் வகைக்கு 0.014 முதல் 0.016 அங்குலம் இருக்க வேண்டியது சுருங்கிப் போகும். இடைவெளி சுருங்கினால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் (பொறி விழும் நேரம்) பின்வாங்கும். வண்டி மெதுவாக இழுவை குறைந்து, சூடேறி, பெட்ரோல் அதிகம் குடிக்கத் தொடங்கும். ஒரே நாளில் நடக்காததால் ஓட்டுபவருக்குத் தெரியாது. சுமார் 5,000 கி.மீ.க்கு ஒருமுறை இடைவெளியைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இதோடு பாயிண்ட் முகம் கரிவதும் உண்டு. ஒவ்வொரு முறையும் நான்கு ஆம்பியர் அளவு கரண்டை அறுக்கும் இடம் அது. கண்டன்சர் மோசமானால் ஒரு முகத்தில் குழியும் மறு முகத்தில் மேடும் விழும். பட்டறைகளில் இதை எமரித் தாளால் தேய்த்துவிடுகிறார்கள். எமரித் துகள் முகத்தில் பதிந்து அடுத்த வாரமே கரி பிடிக்கும். மெல்லிய பாயிண்ட் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, ஒரு விசிட்டிங் கார்டை நடுவே செருகி உருவினாலே போதும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்னொரு எதிரி உண்டு, உப்புக்காற்று. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியில் பாயிண்ட் முகத்தில் ஒரு வாரத்தில் மங்கலான படலம் ஏறிவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கும் வண்டி சுற்றிச் சுற்றியும் பிடிக்காததற்குப் பல நேரம் இந்தப் படலமே காரணம். இங்கே தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்வதால் கேப்புக்குள் ஈரம் நிற்கும் மாதங்களும் அதிகம். எலக்ட்ரானிக் கிட்டுக்கு பாயிண்ட் முகமே இல்லை என்பதால் முதல் தொல்லை அடியோடு போய்விடும். கேப்பில் நிற்கும் ஈரம் மட்டும் எந்தக் கிட் போட்டாலும் நிற்கத்தான் செய்யும்.

என்னென்ன வகை இருக்கிறது

பைக் தெரிந்தவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பழைய புல்லட்டில் பாயிண்ட், ஆர்.எக்ஸ். 100-ல் சி.டி.ஐ. என்று பழகியவர்கள் கார் கிட்டையும் "சி.டி.ஐ." என்றே கேட்டு வாங்கப் போகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. சி.டி.ஐ.யில் ஒரு கண்டன்சரில் சேர்த்த மின்சாரத்தைக் காயிலுக்குள் ஒரே வீச்சில் கொட்டுவார்கள். கார் கிட்களில் பெரும்பாலானவை பழைய முறையிலேயே காயிலை நிரப்பி அறுக்கின்றன. அறுக்கும் வேலையை பாயிண்டுக்குப் பதில் டிரான்சிஸ்டர் செய்கிறது.

எளியது, பாயிண்டை அப்படியே வைத்துக்கொண்டு வெளியே ஒரு டிரான்சிஸ்டர் பெட்டி மாட்டுவது. பாயிண்ட் வழியே மிகச் சிறிய கரண்ட்தான் போகும், முகம் கரியாது. ஹீல் தேய்வது மட்டும் தொடரும். பெட்டி கெட்டால் ஒயரை மாற்றிக் குத்தி பழையபடி ஓட்டலாம்.

அதிகம் விற்பது டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே அடங்கும் மாட்யூல். பாயிண்ட் இருந்த இடத்தில் ஒரு சின்னக் கறுப்புக் கட்டியும் கேம் மேல் ஒரு காந்த வளையமும் வரும். காந்தம் கடந்து போகும்போது ஹால் சென்சார் உணர்ந்து கரண்டை அறுக்கும். பெர்ட்ரானிக்ஸ் இக்னைட்டர், பவர்ஸ்பார்க் போன்றவை இந்த இனம். காந்தத்துக்குப் பதில் ஒளிக்கற்றையை வெட்டும் லூமினிஷன் வகையும் உண்டு. மூன்றாவது, டிஸ்ட்ரிபியூட்டரையே முழுதாக மாற்றுவது. நெதர்லாந்தின் 123 இக்னிஷன் இதற்குப் பேர்போனது. பழைய ஷாஃப்ட், பழைய ஸ்பிரிங் எல்லாம் போய், வேகத்துக்கேற்பப் பொறியை முன்தள்ளும் அட்வான்ஸும் எலக்ட்ரானிக் ஆகிவிடும். செலவும் அதற்கேற்றபடி.

டிஸ்ட்ரிபியூட்டர் நல்ல நிலையில் இருந்தால் இரண்டாவது வகையே போதும். கீழே சொல்வதெல்லாம் அதை வைத்துத்தான்.

வாங்கும்போது கார் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பில் அடித்திருக்கும் எண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். ஐம்பது வருஷத்தில் எத்தனை கை மாறிய வண்டியோ, உள்ளே எந்த டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கிறதென்று ஆர்.சி. புத்தகம் சொல்லாது. அடுத்தது எர்த். 1960-களுக்கு முந்தைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் சாதாரணம். பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு அதற்குரிய கிட்டை வாங்க வேண்டும். தப்பான கிட்டை மாட்டி சாவியைத் திருப்பினால் அதோடு முடிந்தது.

கிட்டுக்கு முன்னால் பழையதைச் சரிசெய்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு "எலக்ட்ரானிக் சரியில்லை" என்கிறார்கள். வண்டி பாயிண்டிலேயே ஓரளவு ஒழுங்காக ஓட வேண்டும். அதன் பிறகுதான் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் மாற்றிய பின் வரும் மிஸ்ஸிங் புதிய மாட்யூலாலா பழைய கோளாறாலா என்று சாமியே வந்தாலும் சொல்ல முடியாது.

கேப்பைக் கழற்றி ரோட்டரை எடுத்துவிட்டு, ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கைக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது. மாட்யூல் பாயிண்டைவிட இந்த ஆட்டத்தைச் சகிக்கும் என்பது உண்மை. ஆனால் ஆட்டம் முற்றினால் காந்த வளையம் மாட்யூலில் உரசி அதைக் கீறிவிடும். லேத்தில் புது புஷ் கடைந்து போட்டுவிட்டு வாருங்கள். பிறகு ரோட்டரை மாட்டி, விரலால் அது சுழலும் திசையில் லேசாகத் திருகி விடுங்கள். ஸ்பிரிங் இழுத்துத் தானாகப் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அடித்தட்டுக்குக் கீழே இருக்கும் அட்வான்ஸ் வெயிட்கள் துருவேறி இறுகியிருக்கின்றன. கடலோர வண்டிகளில் இது சர்வசாதாரணம். வேக்குவம் டியூபின் கார்பரேட்டர் முனையைக் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சினால் பாயிண்ட் தட்டு நகர வேண்டும்; நாக்கால் அடைத்துக்கொண்டால் நகர்ந்த இடத்திலேயே நிற்க வேண்டும். காற்று சும்மா வருகிறதென்றால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. இவை எதையும் கிட் சரிசெய்யாது.

அடுத்து ஒயரிங். மல்டிமீட்டர் ஒன்று போதும். பாயிண்ட் மூடிய நிலையில் எஞ்சினை நிறுத்தி, சாவியை ஆன் செய்து, பேட்டரி பாசிட்டிவுக்கும் காயிலின் பாசிட்டிவுக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். பல்லாஸ்ட் ரெசிஸ்டர் (அடுத்த பகுதியில் பார்ப்போம்) இல்லாத வண்டியில் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. பழைய இக்னிஷன் சுவிட்சும் பச்சை பூத்த ஃபியூஸ் கிளிப்பும் சேர்ந்து ஒன்றரை, இரண்டு வோல்ட்டைத் தின்றுவிடுவது சகஜம். அப்படியானால் ஒரு நாலு கால் ரிலே போடுங்கள். 30-க்கு பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக நேர் ஒயர், 87-லிருந்து காயிலுக்கு, 86-ல் பழைய இக்னிஷன் ஒயர், 85 எர்த். ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர் இருக்கட்டும். மாட்யூல் போட்டாலும் போடாவிட்டாலும் இந்த ரிலேயாலேயே ஸ்டார்ட்டிங் தெளிவாக மாறும்.

எர்த் பக்கமும் இதே சோதனை. மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறு முனை டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பில். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள எர்த் பட்டையைக் கழற்றி, இரண்டு முனையையும் பளபளக்கத் தேய்த்து, முறுக்கிவிட்டு மேலே கிரீஸ் பூசுங்கள். நட்டுக்கு மேலே பெயின்ட் அடித்து, கீழே துரு பிடித்த எர்த்தைப் பார்க்கப் புதிதாகத்தான் இருக்கும்.

காயிலும் பல்லாஸ்டும்

மாட்யூல்களை அதிகம் கொல்வது பொருந்தாத காயில். பழைய காயில்கள் இரண்டு வகை. நேரடி 12 வோல்ட் காயிலின் பிரைமரி சுமார் 3 ஓம். பல்லாஸ்ட் காயிலின் பிரைமரி சுமார் 1.5 ஓம், அதற்கு முன்னால் இன்னொரு 1.5 ஓம் ரெசிஸ்டரோ ரெசிஸ்டன்ஸ் ஒயரோ இருக்கும். இக்னைட்டர் போன்ற எளிய மாட்யூலுக்கு நான்கு சிலிண்டர் வண்டியில் குறைந்தது 3 ஓம் வேண்டும். காரணம் நேர்க்கணக்கு. எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட். மூன்று ஓமுக்கு அது 4.7 ஆம்பியர்; ஒன்றரை ஓமுக்கு 9 ஆம்பியருக்கு மேல். கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக்குக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் அதைத் தாங்காது. 0.6 ஓம் அளவுள்ள காயிலைக் கேட்கும் மாட்யூல்களும் இருக்கின்றன. கிட் பெட்டியில் எழுதியிருப்பதுதான் சட்டம்.

அளக்கும்போது காயில் ஒயர்களைக் கழற்றிவிடுங்கள். முதலில் மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு அது காட்டும் 0.3 போன்ற எண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகு காயிலில் வரும் எண்ணிலிருந்து கழியுங்கள். விலை குறைந்த மீட்டரில் இதைச் செய்யாவிட்டால் 2.7 ஓம் காயில் 3 என்று காட்டும்.

வண்டியில் பல்லாஸ்ட் இருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய வழி: பாயிண்ட் மூடிய நிலையில் சாவியை ஆன் செய்து, காயில் பாசிட்டிவுக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். 12-ஐ ஒட்டி இருந்தால் பல்லாஸ்ட் இல்லை. 6 முதல் 9 வரை இருந்தால் உண்டு. பாயிண்டைக் கழற்றிய பிறகு இதைச் செய்தால் கரண்ட் ஓடாததால் எப்போதும் 12 காட்டும். கிட் வந்து சேர்வதற்கு முன்பே செய்துவிடுங்கள். பல்லாஸ்ட் இருந்தால், ரெசிஸ்டரைத் தவிர்த்து 3 ஓம் காயில் போடுவதே குழப்பமில்லாத வழி. பழைய காயிலையே வைத்துக்கொள்வதானால் மாட்யூலின் சிவப்பு ஒயர் ரெசிஸ்டருக்கு முன்னால், முழு 12 வோல்ட் வரும் இடத்தில் சேர வேண்டும்.

பிளக் ஒயரையும் பார்த்துவிடுங்கள். வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்புக் கம்பி தெரியும் ஒயர் ஹால் மாட்யூலுக்கு ஆகாது. அது கிளப்பும் ரேடியோ அலை மாட்யூலைக் குழப்பி, இல்லாத இடத்தில் பொறி விழவைக்கும். கார்பன் கருவுள்ள, ஓம் காட்டும் ஒயரே வேண்டும்.

மாட்டும் வேலை

வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடியும். முதலில் முதல் சிலிண்டரை கம்ப்ரஷன் மேல் முனைக்குக் கொண்டுவந்து, கேப்பைக் கழற்றி, ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று டிஸ்ட்ரிபியூட்டர் விளிம்பில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சினுக்கும் பத்மினிக்கும் பொறி விழும் வரிசை 1-3-4-2. போனில் ஒரு படமும் எடுத்துவிட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். அதற்கு முன்னால் கை வைக்காதீர்கள்.

பாயிண்ட், கண்டன்சர் இரண்டையும் எடுங்கள். கண்டன்சரை "இருந்துட்டுப் போகட்டும்" என்று காயில் நெகட்டிவில் தொங்கவிடக் கூடாது. மாட்யூலின் வேலையைக் கெடுக்கும். அடித்தட்டில் இருக்கும் பழைய கிரீஸைத் துடைத்து, மாட்யூல் உட்காரும் இடத்தை வெறும் உலோகம் தெரியச் சுத்தம் செய்யுங்கள். மாட்யூலின் சூடு அந்தத் தட்டு வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதற்காகக் கிட்டோடு வரும் வெள்ளைப் பசையை மெல்லிதாகத் தடவுங்கள். தட்டையும் உடம்பையும் இணைக்கும் சின்ன எர்த் பின்னல் ஒயர் அறுந்திருந்தால் மாற்றுங்கள். பாயிண்டோடு எப்படியோ ஓடிய வண்டி, இந்த ஒயர் இல்லாததால் மாட்யூலோடு நின்று நின்று போகும்.

காந்த வளையத்தைக் கேமின் மேல் அடிவரை அழுத்தி இறக்கி, மாட்யூலுக்கும் வளையத்துக்கும் நடுவே கிட் சொல்லும் இடைவெளியை வையுங்கள். பலவற்றில் அது 0.75 மில்லிமீட்டர், அதாவது 0.030 அங்குலம். இரும்பு ஃபீலர் கேஜ் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு பொய் சொல்லும். கிட்டில் வரும் பிளாஸ்டிக் பட்டையையோ பித்தளை கேஜையோ பயன்படுத்துங்கள். ஷாஃப்ட்டை ஒரு முழுச் சுற்று சுற்றி எங்கும் உரசவில்லை என்று பாருங்கள்.

ஒயர்களை ரப்பர் வழியே வெளியே எடுக்கும்போது வேக்குவம் தட்டு நகர்வதற்கு உள்ளே சற்றுத் தளர்வு விடுங்கள். இறுக்கிக் கட்டிய ஒயர் சில மாதத்தில் உள்ளேயே அறுந்து, ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் மிஸ்ஸிங் வரும். இதைக் கண்டுபிடிப்பதற்குள் பாதிப் பேர் கார்பரேட்டரையே மாற்றிவிடுவார்கள். சிவப்பு காயில் பாசிட்டிவுக்கு, கறுப்பு நெகட்டிவுக்கு. மாற்றிக் கொடுத்தால் மாட்யூல் போகும். ஒருமுறைக்கு இருமுறை பார்த்த பிறகு பேட்டரியை இணையுங்கள்.

இனிமேல் மாற்றிக்கொள்ள வேண்டிய ஒரு பழக்கம்: எஞ்சின் ஓடாதபோது சாவியை ஆனில் விட்டுவிட்டு ரேடியோ கேட்கக் கூடாது. காந்தம் நிற்கும் இடத்தைப் பொறுத்து 3 ஓம் காயிலில் 4 ஆம்பியர் நிற்காமல் ஓடும். அது 48 வாட், ஏறக்குறைய ஒரு ஹெட்லைட் பல்பின் சூடு. காயிலும் எளிய மாட்யூலும் அதில் வெந்துபோகும். தானாக அணையும் வசதியுள்ள மாட்யூல்களும் கிடைக்கின்றன. கல்யாண வீட்டுக்கு வண்டி வாடகைக்குப் போகுமென்றால் அதுவே வாங்குவது நல்லது. டிரைவர் பாட்டுப் போடத்தான் செய்வார்.

டைமிங்

பாயிண்ட் திறந்த இடமும் மாட்யூல் அறுக்கும் இடமும் ஒன்றாக இருக்காது. பல டிகிரி விலகியிருக்கும். கிட் மாட்டியதும் வண்டி பிடித்துவிட்டதே என்று அப்படியே ஓட்டிப் போவதுதான் பிஸ்டனைக் கெடுக்கும் வழி.

டைமிங் லைட்டின் கிளிப்பை முதல் சிலிண்டர் ஒயரில் மாட்டி, வேக்குவம் டியூபைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐடிலில் கிராங்க் புல்லியின் குறியைப் பாருங்கள். எத்தனை டிகிரி என்பதை உங்கள் எஞ்சினின் சர்வீஸ் புத்தகத்திலிருந்து எடுங்கள். ஒரே பெயருள்ள வண்டியில்கூட கம்ப்ரஷன் விகிதத்துக்கேற்ப அது மாறும். கீழே கிளாம்ப் போல்டைத் தளர்த்தி, ரோட்டர் சுழலும் திசைக்கு எதிராக டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால் அட்வான்ஸ். அதே திசையில் திருப்பினால் ரிடார்ட். 25டி4-ல் பக்கத்தில் ஒரு திருகு நட் இருக்கிறது. நுண்ணிய மாற்றத்துக்கு அதையே பயன்படுத்தலாம். பிறகு ஆக்சிலரேட்டரை மெல்லக் கொடுக்கும்போது குறி சீராக நகர்ந்து முன்னேற வேண்டும். அசையாமல் நின்றால் வெயிட்கள் இன்னும் இறுகியே இருக்கின்றன.

பொறி வலுவானதால் பிளக் இடைவெளியைச் சற்றுக் கூட்டலாம். 0.025 அங்குலத்தில் இருந்ததை 0.030-க்குக் கொண்டுபோங்கள், 0.035-க்கு மேல் வேண்டாம். இடைவெளி கூடக் கூட கேப்பும் ரோட்டரும் ஒயரும் தாங்க வேண்டிய வோல்ட் கூடும். ஈரக்காற்று உள்ள ஊரில் அந்த வோல்ட் பிளக்குக்குப் போகாமல் குறுக்குவழி தேடும்.

ஓட்டிப் பார்ப்பதற்கு மாவட்டத்திலேயே தோதான இடங்கள் உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் எதிர்க்காற்றில் நாலாவது கியரில் நிதானமாகப் போய், அப்படியே ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். பேச்சிப்பாறைக்கு மேலே கோதையாறு ஏறும் சாலையில் மூன்றாவது கியரில் இழுக்கவிடுங்கள். கம்பியால் தட்டுவதுபோல் கிணுகிணுவென்று சத்தம் வந்தால் நாக்கிங். இரண்டு டிகிரி பின்வாங்கி வையுங்கள். சத்தமே இல்லாமல் மந்தமாக ஏறினால் டைமிங் மிகவும் பின்னால் இருக்கலாம்.

வழியில் நின்றால்

ஒரு 12 வோல்ட் டெஸ்ட் பல்பு வண்டியில் இருக்கட்டும். அதைக் காயில் நெகட்டிவுக்கும் எர்த்துக்கும் நடுவே பிடித்து ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். மின்னி மின்னி எரிந்தால் மாட்யூல் வேலை செய்கிறது. கோளாறு காயில் செகண்டரி, ரோட்டர், கேப், ஒயர் பக்கம். விடாமல் எரிந்தால் மாட்யூல் கரண்டை எர்த்துக்கு இணைக்கவே இல்லை. முதலில் அதன் எர்த்தையும் சிவப்பு ஒயரையும் பாருங்கள். எரியவே இல்லையென்றால் காயில் பாசிட்டிவில் வோல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தும் எரியாவிட்டால் மாட்யூல் ஷார்ட் ஆகியிருக்கலாம், அல்லது பிரைமரி அறுந்திருக்கலாம்.

மாட்யூலா காயிலா என்று பிரிக்க, மாட்யூலின் கறுப்பு ஒயரைக் கழற்றிவிட்டு, காயிலின் நடு ஒயரில் ஒரு பழைய பிளக்கைச் செருகி எஞ்சின் உலோகத்தின் மேல் படுக்க வையுங்கள். சாவியை ஆன் செய்து, காயில் நெகட்டிவிலிருந்து ஒரு துண்டு ஒயரை எர்த்தில் தொட்டு எடுங்கள். எடுக்கும்போது பிளக்கில் நீலப் பொறி விழுந்தால் காயில் நல்லது, மாட்யூல் போய்விட்டது. பிளக் ஒயரைக் கையில் பிடித்துப் பார்க்கும் பழைய வீரமெல்லாம் வேண்டாம். நெஞ்சில் பேஸ்மேக்கர் உள்ளவர் இந்தச் சோதனைக்கு அருகிலேயே நிற்கக் கூடாது.

மார்த்தாண்டம் நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்த பிறகு நின்று, ஆறியதும் பிடிக்கிறதென்றால் காரணம் மூன்றில் ஒன்று: சூட்டில் சாகும் மாட்யூல், சூட்டில் சாகும் காயில், அல்லது பெட்ரோல் பம்பில் ஆவி அடைப்பு. நின்ற அந்த நிமிடமே பொறி பார்த்தால்தான் தெரியும். பொறி இருந்தால் இக்னிஷனைத் தொடாதீர்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலில் பழைய ரப்பர் ஹோஸ் இளகிப்போவதும், கலவை மெலிந்து மிஸ்ஸிங் வருவதும் தனிக் கதை. அதற்கும் கிட்டுக்கும் சம்பந்தமில்லை.

மழை நாளில் பிடிக்காவிட்டால் ராத்திரி பானட்டைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஒயர் மேலும் கேப் மேலும் நீல நிறத்தில் ஓடும் கசிவு கண்ணுக்கே தெரியும். கேப்பின் உட்புறம் பென்சில் கோடுபோல் கறுப்புக் கீற்று இருந்தால் துடைத்துப் பயனில்லை, மாற்ற வேண்டும். ஒயர் மூடிகளுக்குள் சிலிக்கான் கிரீஸ் தடவினால் உப்பு ஈரம் உள்ளே போகாது.

துருவுக்குப் பாடியில் வெல்டிங் செய்யும் நாளில் பேட்டரியையும் மாட்யூலின் இரண்டு ஒயரையும் கழற்றிவிடச் சொல்லுங்கள். டைனமோ வண்டியில் பழைய ரெகுலேட்டர் விடும் சார்ஜ் 15 வோல்ட்டைத் தாண்டுகிறதா என்றும் வருஷத்துக்கு ஒருமுறை பாருங்கள். புது மாட்யூல்கள் காரணம் தெரியாமல் போவதில் இந்த இரண்டுக்கும் பெரும் பங்கு உண்டு.

பாயிண்ட் தேய்ந்தால் முன்னறிவிப்பு கொடுத்து, தள்ளாடியாவது வீடு கொண்டுவந்து சேர்க்கும். மாட்யூல் போனால் அந்த இடத்திலேயே வண்டி நிற்கும். எனவே கழற்றிய பாயிண்டையும் கண்டன்சரையும் எறியாதீர்கள். அடித்தட்டு தனியாகக் கிடைத்தால் அதன் மேல் அவற்றைப் பூட்டி, ஹீல் உச்சியில் இருக்கும்போது 0.015 அங்குலம் வைத்து, ஒரு ஃபீலர் கேஜும் சின்ன ஸ்குரூ டிரைவரும் சேர்த்து டிக்கியில் போட்டு வையுங்கள். டைமிங் சற்று விலகியிருந்தாலும் நாகர்கோவில் வரை மெதுவாக ஓட்டி வரலாம். ஸ்குரூ டிரைவர் நுனி காந்தம் ஏறியதாக இருக்கட்டும். அடித்தட்டுக்குக் கீழே விழுந்த ஸ்குரூவை ரோட்டோரத்தில் எடுக்க டிஸ்ட்ரிபியூட்டரையே கழற்ற வேண்டிவரும்.